பயணத்தில் டிஎம்ஆர் ஹாட்ஸ்பாட்: விடுதி வைஃபையில் இணைவதில்லை, போன் டேட்டாவில் குரல் உடைகிறது. என்ன செய்யலாம்?

பயணப்பை கேட்டது:

வணக்கம் ஓஎம்களே (ஹாம் ரேடியோ நண்பர்களே). கையடக்க ரேடியோவின் டிஎம்ஆர் (டிஜிட்டல் ரேடியோ) குரலை இணையத்தோடு இணைக்கும் என் ஹாட்ஸ்பாட் கருவி இதுதான்: ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினி, மேலே சிம்ப்ளெக்ஸ் எம்எம்டிவிஎம் பலகை (சிறு ரேடியோ), அதை ஓட்டும் மென்பொருள் பை-ஸ்டார், டிஎம்ஆர் மட்டும், நெட்வொர்க் பிராண்ட்மைஸ்டர். வீட்டு வைஃபையில் மாதக்கணக்கில் தொடாமலே ஓடுகிறது. வெளியே எடுத்துப் போனால்தான் தகராறு.

1. விடுதி வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பை-ஸ்டாரில் சேர்த்தால் ஐபி முகவரி கிடைத்துவிடுகிறது. ஆனால் மாஸ்டருடன் (பிராண்ட்மைஸ்டரின் சர்வர்) இணைவதே இல்லை. போனில் அதே வைஃபை ஒரு லாகின் பக்கம் காட்டும், அறை எண் போட்டால் திறக்கும். ஹாட்ஸ்பாட்டில் பிரவுசருக்கு எங்கே போவது?

2. ஐபோன் ஹாட்ஸ்பாட் கருவியின் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆண்ட்ராய்டில் இணைகிறது, கொஞ்ச நேரம் விட்டால் காணாமல் போகிறது.

3. காரிலும் ரயிலிலும் குரல் துண்டு துண்டாக வருகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அப்புறம் ஏன்?

4. அடுத்து மூன்று வாரம், இரண்டு நாடுகள். தனி சிம் ரவுட்டர் வேண்டுமா, போனே போதுமா?

---

ஈயப்பற்று பதில்:

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குது.

டிஎம்ஆர் குரல் 60 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். உள்ளே 55 பைட், ஐபி-யூடிபி தலைப்பு 28 பைட், ஆக 83. செகண்டுக்கு 16, 17 பாக்கெட். கணக்குப் போட்டால் 11 கேபிபிஎஸ், ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 5 எம்பி. டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்ட சிம்மில்கூட தாராளமா ஓடும். அதனால ஸ்பீட் டெஸ்ட் காட்டுற எண் இங்கே ஒண்ணுக்கும் உதவாது. வேகமா வருதாங்கிறது கேள்வியே இல்லை, 60 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா வருதாங்கிறதுதான் கேள்வி. பிங் போட்டுப் பாருங்க. 300 மில்லிசெகண்ட்னு நிலையா வந்தால் பிரச்சினையே இல்லை. 40, 45, 600, 38, டைம்அவுட்னு குதிச்சால் குரல் உடையத்தான் செய்யும்.

இப்போ விடுதி. லாகின் பக்கம் வைக்கிற வைஃபை உங்க கருவியை மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியும் வைஃபையில் காட்டுற அடையாள எண்) வைத்துத்தான் அடையாளம் காணும். அந்த மேக் லாகின் ஆகிற வரைக்கும் ஐபி கொடுக்கும், டிஎன்எஸ்ஸுக்குப் பதில் சொல்லும், வெப் பக்கம் கேட்டால் லாகினுக்குத் திருப்பிவிடும். மத்ததெல்லாம் குப்பைக்குப் போகும். பிராண்ட்மைஸ்டருக்குப் போற யூடிபி 62031-உம் அந்தக் குப்பையில்தான். நேரம் ஒத்திசைக்கிறதும் அப்படித்தான். உங்க பை ஜீரோவில் கடிகாரச் சிப் கிடையாது, நெட் வந்தால்தான் மணி சரியாகும். பை-ஸ்டாரின் டாஷ்போர்டில் (நிலைமையைக் காட்டுற வெப் பக்கம்) நேரம் பழசா நின்னுகிட்டிருந்தால் நெட் உள்ளே வரலைன்னு அர்த்தம், வேற எதையும் நோண்ட வேண்டாம்.

தீர்வு: நடுவில் ஒரு டிராவல் ரவுட்டர். உள்ளங்கை அளவு, யூஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடுறது. ஓபன்டபிள்யூஆர்டி அடிப்படையில் வர்றது, ரிப்பீட்டர் முறையும் மேக் குளோனும் (வேற கருவியின் மேக்கைத் தன்னோடதா காட்டுறது) இருக்கிறதா வாங்குங்க. ஜிஎல்-ஐநெட் மாதிரி ஆட்கள் இதுக்குன்னே செய்யறாங்க. ரவுட்டருக்குன்னு ஒரு வைஃபை பெயர், ஒரு கடவுச்சொல் வைங்க. ஹாட்ஸ்பாட்டில் அதை மட்டும் ஒரே தடவை சேர்த்துட்டு, அதுக்கப்புறம் பை-ஸ்டாரின் வைஃபை பக்கத்தைத் தொடவே தொடாதீங்க. ஊருக்கு ஊர் மாறுறது எல்லாம் ரவுட்டரின் மேல்பக்கம்தான், அதாவது இணையம் உள்ளே வர்ற பக்கம்.

அறைக்குள் போனதும் வரிசை:

– ரவுட்டரை மட்டும் போடுங்க. ஹாட்ஸ்பாட் இப்போ வேண்டாம். வைஃபை கிடைக்காமல் பை-ஸ்டார் எழுந்தால் ரெண்டு நிமிஷத்தில் தானே ஒரு அக்செஸ் பாயின்ட் ஆகி ‘பை-ஸ்டார்-செட்டப்’னு நிக்கும். அதுக்கப்புறம் ரவுட்டர் வந்தாலும் அது பாட்டுக்கு அப்படியே இருக்கும், ரீபூட் பண்ணினால்தான் இறங்கி வரும்.

– ரவுட்டரில் விபிஎன், தனி டிஎன்எஸ், டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு மூணையும் அணைங்க. பல இடங்களில் லாகின் பக்கத்தோட பெயரை விடுதியின் டிஎன்எஸ் மட்டும்தான் அறியும். நீங்க கூகுளின் டிஎன்எஸ் 8.8.8.8 போட்டு வச்சிருந்தால் அந்தப் பக்கம் ஜென்மத்துக்கும் திறக்காது. நிறையப் பேர் மாட்டுறது இங்கேதான்.

– போனின் மொபைல் டேட்டாவை அணைச்சு, போனை ரவுட்டரின் வைஃபையில் இணைச்சு, எச்டிடிபிஎஸ் இல்லாத ஒரு பக்கத்தைத் திறங்க. நெவர்எஸ்எஸ்எல்.காம் இதுக்குன்னே இருக்கு. லாகின் வரும், அறை எண் போடுங்க. விடுதியின் கண்ணுக்குத் தெரியறது ரவுட்டரின் மேக் ஒண்ணுதான், அதுக்குப் பின்னால் எத்தனை கருவி இருந்தாலும் ஒரே கணக்கு. ‘ரெண்டு கருவிக்கு மேல் இல்லை’ங்கிற தொல்லையும் இதோட போச்சு.

– போனில் ஏதாவது பக்கம் திறக்குதான்னு பார்த்துட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுங்க.

அறையில் லேன் போர்ட் இருந்தால் வைஃபையே வேண்டாம், கேபிளை ரவுட்டரின் வேன் (WAN) துளையில் சொருகுங்க. பயணப்பையில் ஒரு மீட்டர் லேன் கேபிள் வச்சிருக்கறது நல்லது. வைஃபைதான்னா, ரெண்டு பேண்ட் ரவுட்டரில் விடுதிப் பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், ஹாட்ஸ்பாட் பக்கம் 2.4. உங்க ஜீரோ டபிள்யூவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஜீரோ 2 டபிள்யூவும் அப்படித்தான். ஒரே ரேடியோ உள்ள மலிவு ரவுட்டரில் மேல்பக்கம் அறுந்தால் அது சேனல் சேனலா தேடப் போய் கீழ்பக்கத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்.

இன்னொண்ணு: விடுதியும் உங்க ரவுட்டரும் ஒரே சப்நெட்டில் இருந்தால், ரெண்டும் 192.168.8 தொடர்னு வைங்க, ரவுட்டருக்கு எது உள்ளே எது வெளியேன்னே தெரியாது. கிளம்புறதுக்கு முன்னாடியே ரவுட்டரின் லேனை 10.77.33.1 மாதிரி யாரும் வைக்காத ஒண்ணா மாத்திடுங்க.

---

கம்பிக்கூடு பதில்:

ஈயப்பற்று சொன்னது எல்லாம் சரி. ஆனால் எல்லோருக்கும் ரவுட்டர் தேவையில்லை என்பது என் கருத்து. தங்குமிடத்தில் மொபைல் சிக்னல் நன்றாக இருந்தால் விடுதி வைஃபை பக்கமே போக வேண்டாம். 5 எம்பிக்காக எதற்கு அறை எண்ணும் லாகினும்? அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சிம் போட்டு ஹாட்ஸ்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. நேரம் போனால் தானே அணையும் அமைப்பை எடுத்துவிடுங்கள் (உங்கள் ஆண்ட்ராய்டு காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்), பேண்டை 2.4 என்று கட்டாயமாக வையுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் ஜீரோ டபிள்யூ திணறும்.

ஐபோனில் மூன்று இடத்தில் இடறும்.

ஒன்று, 12 முதல் வந்த மாடல்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில்தான் விரிக்கும். ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ பொத்தானைப் போட்டால் 2.4-க்கு இறங்கும்.

இரண்டு, அந்த அமைப்புத் திரை மூடியிருந்தால் சற்று நேரத்தில் ஒளிபரப்பை நிறுத்திவிடும். ஹாட்ஸ்பாட் எழுந்து இணையும்வரை அந்தத் திரையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் குறும்பானது. ஐபோனுக்கு அதுவாக வைக்கும் ஆங்கிலப் பெயரில் உடைமையைக் குறிக்கும் மேற்குறி ஒன்று உண்டு. அது வளைந்த குறி. நீங்கள் பை-ஸ்டாரில் தட்டுவது நேர்க்குறி. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், கருவிக்கு இரண்டும் வேறு எழுத்து. பெயர் பொருந்தாது, இணையாது. போனின் பெயரைக் குறியோ இடைவெளியோ இல்லாத வெறும் ஆங்கில எழுத்துகளாக மாற்றிவிடுங்கள்.

பை-ஸ்டாரின் வைஃபை பக்கத்தில் நாட்டுக் குறியையும் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 12, 13-ஆம் சேனல்கள் தெரியாது. எதிரே ரவுட்டர் 13-இல் உட்கார்ந்திருந்தால் தேடித் தேடி ஓய்ந்துபோவீர்கள்.

இனி குரல் உடைவது. குறை ரேடியோவிலா நெட்டிலா என்று ஊகிக்கவே தேவையில்லை, டாஷ்போர்டே சொல்லும். நெட்டிலிருந்து வரும் அழைப்புக்கு ‘லாஸ்’ பத்தியைப் பாருங்கள். 1, 2 சதவீதம் காதுக்குத் தெரியாது. 5 தாண்டினால் எழுத்துகள் விழும், 10 தாண்டினால் ரோபோ. ஆனால் ஒருவருடைய அழைப்பில் மட்டும் லாஸ் ஏறியிருந்தால் அது அவருடைய நெட். வரும் எல்லோருக்கும் ஏறினால் உங்களுடையது. உங்கள் கையடக்க ரேடியோவிலிருந்து போகும் அழைப்புக்கு ‘பிஇஆர்’ (பிட் பிழை விகிதம்) பத்தி. 1 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 3 தாண்டினால் ஆஃப்செட் (அலைவரிசைத் திருத்தம்) நகர்ந்திருக்கிறது, சில நூறு ஹெர்ட்ஸ் திருத்த வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு மேல் வைத்த ஹாட்ஸ்பாட்டில் இது சகஜம், படிகம் சூடானால் அலைவரிசை நகரும். நெட்டைத் திட்டுவதற்கு முன் அதை நிழலில் வையுங்கள்.

லாஸ் பூஜ்ஜியம், பிஇஆர் நலம், ஆனாலும் குரல் உடைகிறதா? பாக்கெட் வருகிறது, நேரத்துக்கு வரவில்லை. எக்ஸ்பர்ட் பகுதியில் எம்எம்டிவிஎம்ஹோஸ்ட் கோப்பில் டிஎம்ஆர் நெட்வொர்க்கின் கீழே ஜிட்டர் என்று ஓர் எண் இருக்கும், தாமதமாக வரும் பாக்கெட்டுக்குக் காத்திருக்கும் நேரம், இயல்பாக 360 மில்லிசெகண்ட். 500 ஆக்குங்கள், போதாவிட்டால் 750. ஏற்றிய அளவுக்குக் குரல் தாமதமாகும். அதனால் 1000-க்கு மேல் போகாதீர்கள், உரையாடல் தபால் மாதிரி ஆகிவிடும்.

ஓடும் வண்டியில் ஒன்றைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மொபைல் நெட்வொர்க் உங்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் ஆயிரம் பேரோடு உட்கார வைக்கிறது. கவரேஜ் போய் வரும்போது அந்த முகவரியோ போர்ட்டோ மாறலாம். மாஸ்டருக்கு நீங்கள் யாரென்று தெரியாமல் போகும். ஹாட்ஸ்பாட் 10 செகண்டுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும், 60 செகண்ட் பதில் இல்லையென்றால்தான் மறுபடி லாகின் போகும். சுரங்கப்பாதையைத் தாண்டி ஒரு நிமிடம் மௌனம் என்றால் பழுது இல்லை, அதன் இயல்பே அதுதான்.

---

நிலைமின் பதில்:

சிம், ஆன்டெனா, மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு நாட்டுப் பயணத்தில் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

சிம் ரவுட்டர் வாங்குவதென்றால் பெட்டியில் 4ஜி என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், பேண்ட் பட்டியலைப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு 1, 3, 7, 8, 20, 28. வட அமெரிக்காவுக்கு 2, 4, 12, 66, 71. ஆசியாவில் பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41. ஒரு கண்டத்துக்கென்று செய்த ரவுட்டர் இன்னொரு கண்டத்தில் நகருக்குள் ஓடி, ஊரைத் தாண்டியதும் படுத்துவிடும். தூரம் போகும் தாழ் பேண்ட் அதில் இருக்காது.

சிம்மைப் போடுமுன் போனில் வைத்து பின் எண் (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் ரவுட்டர் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். ஏபிஎன் (மொபைல் நிறுவனத்தின் டேட்டா வாசல்) பெயரையும் போனிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். போன் தானாகவே போட்டுக்கொள்ளும், ரவுட்டர் பல நேரம் போடாது. சிக்னல் கோடுகள் இருக்கும், டேட்டா மட்டும் வராது.

வீட்டு சிம்மை ரோமிங்கில் ஓட்டினால் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டைச் சுற்றித்தான் வரும். தாமதம் ஏறும், ஆனால் தாமதம் நிலையாக இருந்தால் டிஎம்ஆருக்குக் கவலை இல்லை. குரல் உடைந்தால் மட்டும் உள்ளூர் சிம் பாருங்கள்.

சிக்னலைக் கோடுகளை எண்ணி அளக்காதீர்கள். ரவுட்டரின் வெப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை மீறிய தெளிவு) இரண்டும் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி –90-க்கு மேலே நன்று, –110-க்குக் கீழே கைவிடலாம். எஸ்ஐஎன்ஆர் 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 0-வுக்குக் கீழே போனால் கோடு நிறைய இருந்தாலும் பாக்கெட் விழும். வெளி ஆன்டெனா வாங்கினால் கேபிள் நீளத்தில் கவனம். காருக்கான ஆன்டெனாக்களில் வரும் ஆர்ஜி174 கேபிள் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். மூன்று மீட்டரில் ஆன்டெனா கொடுத்ததைக் கேபிள் பிடுங்கிக்கொள்ளும். அதைவிட ரவுட்டரையே ஜன்னலோரம் வைத்து, நீளமான யூஎஸ்பி கேபிளில் மின்சாரம் கொடுங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ குழப்பமும் உண்டு. இரண்டும் ஒன்றில் ஒன்று அழகாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி இரண்டிலும் இருக்காது, அல்லது இரண்டிலும் இருந்து ஒன்றையொன்று இடிக்கும். வைஃபை ஆன்டெனா ஆர்பி, சிம் பக்கம் சாதாரண எஸ்எம்ஏ. திருகும் முன் துளைக்குள் ஊசி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

மின்சாரம்: ஹாட்ஸ்பாட் 2 வாட், ரவுட்டர் 3 வாட் என்று வைத்தால் மொத்தம் 5. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் உள்ளே 37 வாட்-அவர். 5 வோல்ட்டுக்கு ஏற்றும் இழப்புபோக 31 தேறும். ஆறு மணி நேரம். பவர்பேங்கைச் சார்ஜில் சொருகும்போதும் எடுக்கும்போதும் பல மாடல்கள் ஒரு நொடி வெளியீட்டை வெட்டும், பை ரீபூட் ஆகும். பை-ஸ்டார் எஸ்டி கார்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்திருப்பதால் சாதாரணமாகப் பிழைத்துக்கொள்ளும். அப்டேட் ஓடும்போது வெட்டினால் கார்டு போயிற்று. அதனால் அப்டேட்டை வீட்டில் முடித்துவிட்டு, அதே கார்டின் நகல் ஒன்றைப் பையில் வையுங்கள். குறைந்த வோல்ட்டேஜ் எச்சரிக்கையை நம்பி இருக்காதீர்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே எச்சரிக்கும் சுற்று 3பி, 4 மாதிரிப் பலகைகளில் உண்டு, ஜீரோ வகையில் கிடையாது. சத்தமில்லாமல் தொங்கும். குட்டையான, தடித்த கேபிள்தான் மருந்து. விமானத்தில் பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-அவருக்குள்.

கையடக்க ரேடியோவை 5 வாட்டில் ஹாட்ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தாதீர்கள். 10 மில்லிவாட் பலகையின் காது அடைத்துவிடும், யூஎஸ்பி கேபிள் ஆன்டெனாவாகி ரவுட்டரும் ரீபூட் ஆகலாம். குறைந்த சக்தி, இரண்டு மூன்று மீட்டர் தூரம்.

நெட்டோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் முக்கியம். 10 மில்லிவாட்டானாலும் அது அமெச்சூர் அலைபரப்பு. போகும் நாட்டில் உங்கள் உரிமம் செல்லுமா என்று பாருங்கள். செப்ட் டி/ஆர் 61-01 (ஒரு நாட்டு அமெச்சூர் உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்கும் ஐரோப்பியப் பரிந்துரை) ஏற்ற நாடுகளுக்குள் அழைப்புக்குறிக்கு முன் அந்நாட்டு முன்னொட்டோடு இயக்கலாம், மற்ற இடங்களில் தனி அனுமதி. அலைவரிசையை அந்நாட்டு பேண்ட் திட்டப்படி ஹாட்ஸ்பாட், ரேடியோ இரண்டிலும் மாற்றுங்கள். 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள்களுக்கானது, அங்கே உட்கார வேண்டாம். அமைப்பில் போடும் அட்சரேகை, தீர்க்கரேகை பொதுப் பக்கத்தில் தெரியும். விடுதி அறையைத் துல்லியமாக அறிவிக்க வேண்டுமா? ஊர் அளவுக்குத் தோராயமாகப் போடுங்கள். பை-ஸ்டாரின் இயல்பான கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், அது உலகத்துக்கே தெரியும்.

---

பயணப்பை மீண்டும்:

ரவுட்டர் வாங்கியாயிற்று. ஐபோன் பெயரில் அந்த வளைந்த குறியேதான், மாற்றியதும் இணைந்தது. முதல் விடுதியில் லேன் போர்ட் இருந்தது, தொல்லையே இல்லை. இரண்டாவது இடத்தில் ரவுட்டர் வழியாக லாகின் பக்கம் வரவே இல்லை, டிஎன்எஸ் எல்லாம் அணைத்தும் பார்த்தேன். போனை நேரடியாக விடுதி வைஃபையில் லாகின் செய்து, போனின் மேக்கை ரவுட்டரில் குளோன் செய்தேன். மாஸ்டர் இணைந்தது. ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது, லாஸ் 30 சதவீதம்வரை போகிறது. விடுதி யூடிபியைத் தடுக்கிறதா?

---

ஈயப்பற்று பதில்:

தடுத்தால் இணையவே இணையாது, விட்டு விட்டு வராது. போன் இன்னும் விடுதி வைஃபையில் இருக்கா? இருந்தால் ஒரே மேக்கோட ரெண்டு கருவி. அக்செஸ் பாயின்ட் பாக்கெட்டை யார் கடைசியா பேசினாங்களோ அவங்க பக்கம் தள்ளும். போன் தூங்கும்போது உங்களுக்கு நல்லா வரும், அது எழுந்து மெயில் பார்க்கிறப்போ அறுந்துபோகும். போனில் அந்த விடுதி வைஃபையை ‘மறந்துவிடு’ கொடுங்க. வெறுமனே துண்டிச்சால் தானா மறுபடி ஒட்டிக்கும். போனை ரவுட்டரின் வைஃபையில் மட்டும் வைங்க.

குளோன் செய்த மேக் எதுன்னும் பாருங்க. போன்கள் இப்போ ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக மேக் காட்டும். ‘சாதன விவரம்’ பகுதியில் இருக்கிறது நிஜ மேக், விடுதி அறிந்தது அது இல்லை. அந்த வைஃபையின் பெயருக்குள்ளே போனால் தெரியறதுதான் வேணும். உங்களுக்கு இணைஞ்சதால அதைச் சரியாத்தான் எடுத்திருக்கீங்க.

மறந்துவிடு கொடுத்த பிறகும் மாஸ்டர் விழுந்தால் போனின் மொபைல் டேட்டாவை யூஎஸ்பி வழியா ரவுட்டருக்குக் கொடுத்துப் பாருங்க. அதில் ஒழுங்கா ஓடினால் குறை விடுதியில். மாஸ்டர் இணையவே இல்லைன்னா அது வேற கதை: சில இடங்களில் வெப் போர்ட்டுகளைத் தவிர எல்லாத்தையும் அடைச்சு வைப்பாங்க. அப்போ விபிஎன் வழியாத்தான் போகணும்; வயர்கார்டும் யூடிபிதான், அதுவும் போகாது. டிசிபி 443-இல் ஓபன்விபிஎன் மாதிரி ஒண்ணுதான் வழி. லாகின் முடிஞ்ச பிறகு போடுங்க, ஜிட்டரை 750-க்கு ஏத்திக்கோங்க.

---

பயணப்பை:

மறந்துவிடு கொடுத்தேன். ஒன்றரை மணி நேரமாக ஒருமுறைகூட அறுக்கவில்லை, லாஸ் 0.4 சதவீதம். 73 (வாழ்த்துகள்).